பட்டனுக்குப் பொட்டு வைத்த கதை

யாழினி, கவின், உங்கள் அப்பா அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கி ரேடியோவில் பேசுகிறவன். இதைப் பள்ளிக்கூடத்தில் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். முதல் நாள் என்ன பேசினேன் என்பதை மட்டும் சொல்ல வேண்டாம். அதை நானே எழுதிவிடுகிறேன். உங்கள் மாமா சொல்லிக் கேட்டால் இன்னும் மோசமாக இருக்கும்.

ஐ.டி.ஐ. படித்த நான் ஹாம் ரேடியோ பரீட்சையில் தேறியதும் எனக்குக் கால் தரையில் படவில்லை. இப்படி லைசென்ஸோடு பேசுகிறவர்களுக்கு ஹாம் என்று பெயர். ஒவ்வொரு ஹாமுக்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஓர் அழைப்புக் குறி கொடுப்பார்கள். கம்பெனி கேண்டீனில் தட்டை நீட்டும்போதுகூட அதைச் சொன்னேன். (பரிமாறுகிறவர், "டோக்கன் நம்பரச் சொல்லுங்கண்ணா" என்றார்.)

ஞாயிறு காலையில் பெங்களூர்வரை இந்தப் பக்கத்து ஹாம்கள் எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். கிருஷ்ணகிரியில் ஓய்வில் இருக்கும் ஒரு சார்தான் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். ஓசூர் தேர்த் திருவிழாவில் அங்கங்கே ரேடியோ செட்டோடு நின்று தகவல் சொல்ல அப்போது ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கெழம ஒழுங்கா பேசுங்க தம்பி, பாக்கலாம்" என்றிருந்தார். தேர்வீதியில் நான் செட்டும் கையுமாக நிற்க, என் சூப்பர்வைசர் குடும்பத்தோடு வாயைப் பிளந்தபடி என்னைக் கடந்து போவதாக எத்தனையோ முறை கற்பனை செய்துவிட்டேன்.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜையன்று பொட்டு வைக்காத மிஷின் கிடையாது. வெளிநாட்டு ரோபோவுக்கே நெற்றி எது என்று தேடிப்பிடித்து வைத்திருக்கிறோம். அந்தப் பழக்கத்தில் புது செட்டைச் சாமி முன்னால் வைத்துச் சந்தனம் குழைத்தேன். செட்டின் பக்கவாட்டில் இருக்கும் பட்டன்தான் அதற்கு உயிர். அழுத்தினால் நாம் பேசலாம், விட்டால் மற்றவர் பேசுவது கேட்கும். உயிர் இருக்கிற இடத்தில்தானே பொட்டு வைக்க வேண்டும்? அப்பினேன். பேசும்போது எரியும் சின்ன விளக்கின் மேல் குங்குமம்.

"பட்டன் மேல வெக்காதீங்க, உள்ள எறங்கிடப் போவுது" என்றாள் உங்கள் அம்மா.

"லைசென்ஸு உனக்கா, எனக்கா?"

பூஜை முடிந்து நேரம் வந்தது. பட்டனை அழுத்தி, அழைப்புக் குறி, பெயர், ஊர் எல்லாவற்றையும் மேடைப் பேச்சாளர் குரலில் சொல்லிவிட்டு விரலை எடுத்தேன். பதில் இல்லை. காய்ந்த சந்தனம் பட்டனை அமுக்கியபடியே பிடித்துக்கொண்டது எனக்குத் தெரியாது. பட்டன் அமுங்கி இருக்கும்வரை என் வீட்டுப் பேச்சைத்தான் எல்லோரும் கேட்டாக வேண்டும். யாரும் குறுக்கே வர முடியாது.

ஊத்தங்கரையிலிருந்து வந்திருந்த உங்கள் மாமா, "இன்னா மாமா, ஒருத்தரும் வாயத் தொறக்கல?" என்றான்.

"பெங்களூர்க்காரங்களுக்குத் திமிருடா. மிஷின் ஓட்றவன் பேசினா காதுல வுழாது."

"அந்த கிருஷ்ணகிரி சாரு?"

"அவரா! ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல டவுன் பஸ்ஸு போய்ட்டு வந்துடும். அவரு என்னக் கூப்பிடறதுக்குள்ள தேரு நெலைக்கு வந்துடும்."

"அப்ப தேர் டியூட்டி?"

"குடுக்காம? என்ன வுட்டா அவருக்கு ஆளு ஏது?"

அடுப்படியிலிருந்து உங்கள் அம்மா குரல் கொடுத்தாள்: "பட்டன் மேல சந்தனத்த அப்பாதீங்கன்னு அப்பவே சொன்னன். மொதல்ல அந்த ஓட்ட பனியன மாத்திக்கினு பேசுங்க!"

"சந்தனத்துக்கும் பெங்களூர்க்காரனுக்கும் இன்னாடி சம்பந்தம்?"

செல்போன் அடித்தது. கிருஷ்ணகிரி சார்.

"தம்பி... அந்த சந்தனத்த... தொடைங்க."

"சார்?"

"பனியன... அப்பறம் மாத்திக்கலாம்."

உங்கள் மாமா தரையில் உருண்டு சிரித்தான். நான் கதவைச் சாத்திக்கொண்டு பல் குத்தும் குச்சியால் பட்டனைச் சுரண்டினேன். பட்டன் டக்கென்று மேலே வந்ததும் கேட்ட முதல் குரல் ஒரு பெங்களூர்க்காரருடையது. "பூஜெ முகீத்தா ஸ்வாமி?" பூஜை முடிந்ததா சாமி என்று கேட்டார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

இன்றும் நான் யாரையாவது குறை சொல்ல வாயெடுத்தால், "அப்பா, பட்டன்!" என்கிறீர்களே, அது இப்படி வந்ததுதான்.

சார் டியூட்டி கொடுத்தார். தேர்வீதியில் இல்லை. ஊருக்கு வெளியே, பஸ்களை நிறுத்தும் பொட்டலில். சூப்பர்வைசரும் வரவில்லை, தேரும் தெரியவில்லை. பஸ்ஸுக்கு அடியில் டிரைவர்கள் குறட்டை விட்டார்கள். பகல் முழுக்க மற்றவர்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். தேர் நிலைக்கு வந்த பிறகு சார் ஒவ்வொரு இடமாக விசாரித்து, கடைசியில் என் குறியைக் கூப்பிட்டார்.

அழுத்தினேன். "பஸ் நிக்கற எடம் எல்லாம் நல்லபடியா இருக்கு சார்." விரலை எடுத்தேன்.

"நல்லது தம்பி" என்றார், ஒரே மூச்சில்.

கடைசி பஸ்ஸும் போன பிறகு செட்டை அணைத்தேன். அதை நம்பாமல் பேட்டரியையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சுற்றிலும் ஆள் இல்லை என்று ஒருமுறை பார்த்துவிட்டு, அந்தப் பொட்டல் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்:

"பேசிட்டன்டா!"