வினிகர் வெடித்த ஞாயிற்றுக்கிழமை

எதையும் பாதி தெரிந்துகொண்டு முழு வேகத்தில் செய்கிற ஆள் நான். (ஆபீஸில் இதைத் தன்னம்பிக்கை என்பார்கள். வீட்டில் சொல்லும் பெயரை இங்கே எழுத முடியாது.)

ஊரிகத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடு எங்களுடையது. அதன் பாத்ரூம் பின்னால் சேர்த்துக் கட்டியது. மேலே தகர ஷீட், ஒரே ஒரு சின்ன ஜன்னல். விடிவதற்கு முன்பே குளித்து பெங்களூரு ரயிலைப் பிடிக்க வேண்டியவன் என்பதால், போன மார்கழிக் குளிரில் அந்த ஜன்னலில் சிமெண்டுச் சாக்கைத் திணித்தேன். அப்புறம் எடுக்கவே இல்லை. மழைக்காலத்தில் சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை பூத்துவிட்டது.

என் மனைவி கல்பனாவுக்கு வீசிங். பூஞ்சை இருக்கவே கூடாது, அதற்காக ஆசிட், பிளீச்சிங் பவுடர் பக்கமும் போகாதீர்கள் என்றார் டாக்டர். "சுவரு சுத்தமானா போன் பண்ணுங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டு, பக்கத்திலேயே மைசூர் மைன்ஸ் பகுதியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பத்து நாள் ஆயிற்று. சாப்பாட்டை விடுங்கள், அவள் இல்லாத வீட்டுக்குத் திரும்பி வரவே எனக்குப் பிடிக்கவில்லை.

ரயிலில் ஒரு வீடியோ பார்த்தேன். விஷமில்லாமல் பூஞ்சையைப் போக்க வினிகரும் ஆப்ப சோடாவும் போதுமாம். அதற்குள் பங்காருப்பேட்டையில் கூட்டம் ஏறியது. போனைப் பைக்குள் போட்டு சீட்டைக் காப்பாற்றிக்கொண்டேன். மீதி வீடியோவைப் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை கல்பனாவுக்கு போன் செய்து, "பதினோரு மணிக்கு வா, சுவரு பளபளன்னு இருக்கும்" என்றேன். காலி கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பாதிக்கு வினிகர் ஊற்றினேன். ஒரு பாக்கெட் சோடாவையும் கொட்டி, மூடியை இறுக்கி, இருமல் மருந்து மாதிரி குலுக்கினேன். பாட்டில் உப்பியது. நன்றாகக் கலக்கிறது என்று நினைத்து இன்னும் குலுக்கினேன்.

டமார்! மூடி போய் பாத்ரூம் தகரத்தில் அடித்தது. லைன் முழுக்கக் கேட்டது.

சுரங்கம் ஓடிய காலத்தில் கீழே பாறை வெடித்தால் மேலே வீடு குலுங்கும். உடனே எல்லோரும் தெருவுக்கு ஓடி வந்து, யார் வீட்டு ஆள் எந்த ஷிஃப்டில் என்று விசாரிப்பார்கள். சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேலாகியும் எங்கள் கால்களுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. இடுப்பில் துண்டும் உடம்பெல்லாம் நுரையுமாக நான் வெளியே வந்தபோது, தெருவே அங்கே நின்றது.

"எந்த ஷாஃப்டுப்பா?" என்றார் பக்கத்து வீட்டு ஏழுமலை மாமா. முப்பது வருஷம் சுரங்கத்தின் ஷாஃப்ட் குழிகளில் இறங்கி வேலை செய்தவர்.

"பாத்ரூம், மாமா."

"உள்ள யாராவது மாட்டிக்கினாங்களா?"

"நான் மட்டும்தான் மாமா."

சரியாக அப்போதுதான் ஆட்டோ வந்து நின்றது. வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் கல்பனாவின் முகம் வெளுத்துவிட்டது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னாங்க இது?"

சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"ரெண்டையும் ஒண்ணா கலந்தா ரெண்டுமே வேலைக்கு ஆவாதுங்க. வினிகரைத் தனியா அடிச்சி, ஒரு மணி நேரம் வுட்டு, தேய்ச்சிக் கழுவணும். அப்புறமா சோடாவைக் கொழைச்சி மிச்சக் கறையைத் தேய்க்கணும்." வாசலிலிருந்தே உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஜன்னல்ல இன்னாங்க அது, சாக்கா?"

தெருவே என் பக்கம் திரும்பியது.

"அவ்ளோ ஆழத்துலயே எங்களுக்குக் காத்து வுட்டாங்கப்பா," என்றார் மாமா. "நீ பாத்ரூமுக்கு வுடலியே!"

கல்பனா மாமா வீட்டில் உட்கார்ந்துகொண்டாள். சாக்கைப் பிடுங்கி எறிந்தேன். அவள் சொன்னபடியே தேய்த்துக் கழுவி, தண்ணீரை வழித்து, கதவைத் திறந்து போட்டுக் காயவிட்டேன். மாலையில் வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தவள், பையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. (கேட்டவர்களிடம் வினிகர் என்று சொன்னேன்.)

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை நான் பிரஷ்ஷைக் கையில் எடுத்தால், மாமா அவர் வீட்டிலிருந்து குரல் கொடுக்கிறார்: "இன்னாம்மா, உன் வூட்டுக்காரரு ஷிஃப்டுக்கு எறங்கிட்டாரா?"

"எறங்கிட்டாரு மாமா! எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க!"

வருகிறார்கள் சார். காபி டம்ளரோடு வந்து நிற்கிறார்கள்.