மூன்று நட்சத்திரமும் நாற்பத்திரண்டு துண்டும்

எனக்கு எண்ணும் வியாதி உண்டு. எங்கள் மாடிப்படி பதினேழு. தெருவில் வீடு முப்பத்தாறு. இன்று காலை சீப்பில் வந்த முடி நாலு (இருப்பு அதிகமில்லை, அதனால்தான் கவலை). அரசுப் புள்ளிவிவர அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் சம்பளம் கொடுத்து இந்த வியாதியை வளர்த்தார்கள். இப்போது இலவசமாகச் செய்கிறேன்.

என் மனைவி கோமதி கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவள். திருவனந்தபுரம் கோட்டைப் பக்கத்து அக்கிரகாரத்தில், எங்கள் வீட்டுக் கூடத்தில், ஐந்தடி நீளக் கண்ணாடித் தொட்டி வைத்துக் கடல் ஜீவன்களை வளர்க்கிறாள். மேலே நாலு மீன். அடியில், மணலுக்குள், மூன்று நட்சத்திர மீன். இவை மணலைச் சலித்து, அதிலிருக்கும் சின்னஞ்சிறு பூச்சிகளைத் தின்கிற வகை. பெரும்பாலும் புதைந்தே கிடக்கும். மணலில் கிடைப்பது போதாது என்று கோமதி வாரம் இரண்டு தரம் கக்கா இறைச்சியும் வைப்பாள். (கக்கா என்பது இந்த ஊரில் ஒரு வகைச் சிப்பி. கறுப்பாகப் பறப்பது அல்ல.) அதற்கென்று மாடிப்படிக்கு அடியில் தனியாக ஒரு குட்டி ஃப்ரிட்ஜ். அந்தப் பக்கம் போகும்போது நான் மூச்சை அடக்கிக்கொள்வேன்.

சென்னையில் எங்கள் பிள்ளை வீடு மாற்றினான். ஒத்தாசைக்கு இரண்டு வாரம் போய்வருகிறேன் என்று கோமதி கிளம்பினாள். மூன்று வருஷமாக அவள் வளர்த்த நட்சத்திரங்கள். அவற்றை முதல் தடவையாக இன்னொருவர் கையில் ஒப்படைக்கிறாள். அந்தக் கை என்னுடையது.

"புதன், ஞாயிறு. ஆளுக்கு ஒரு துண்டு. அவ்வளவுதான்" என்றாள். "கையை விட்டுக் கிளறப்படாது. தண்ணியை விட்டு வெளியில தூக்கப்படாது. முக்கியமா, எண்ணப்படாது."

பொட்டலத்தில் நாற்பத்தெட்டுத் துண்டு இருந்தது. அவள் கணக்குப்படி பன்னிரண்டு செலவாக வேண்டும். இவ்வளவு எளிய வேலையை ஒரு மனிதன் எப்படிக் கெடுக்க முடியும்?

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் தொட்டியில் மணலைத்தான் பார்த்தேன். நட்சத்திரம் ஒன்றுகூடத் தென்படவில்லை. இருக்கிறதா, செத்துப் போயிற்றா? வளர்ப்பு மீன் கடை ஷாஜிக்கு ஃபோன் செய்தேன். கோமதிக்கு எல்லாம் சப்ளை செய்கிறவன் அவன்தான்.

"சாரே, அது மணலுக்குள்ள தன்னே உண்டாவும். பேடிக்கண்டா" என்றான். (மணலுக்குள்தான் இருக்கும், பயப்படாதே என்று அர்த்தம். அதைக் கேட்டால்தான் எனக்குப் பயம் வரும்.)

புதன்கிழமை இடுக்கியால் மூன்று துண்டை மணல்மேல் வைத்தேன். சற்றுநேரத்தில் மணல் அசைந்தது. ஒன்று வந்தது, இரண்டு வந்தது, மூன்றாவதும் வந்து துண்டின் மேல் படுத்துக்கொண்டது. மூன்று! பென்ஷன் ஏறிய தினத்தில்கூட நான் அப்படிச் சிரித்ததில்லை.

வியாழன் காலையில் மறுபடி மணல்தான் தெரிந்தது. ராத்திரியில் ஏதாவது ஆகியிருந்தால்? கிளறக் கூடாது, தூக்கக் கூடாது. ஆனால் சாப்பாடு வைத்தால் தானாக வருகிறதே! இன்னொரு மூன்று துண்டு வைத்தேன். இரண்டுதான் வந்தன. வராத மூன்றாவதுக்காக இன்னொரு பந்தி போட்டேன். அப்புறம் வயிறு நிறைந்து ஒன்றுமே வரவில்லை. வராவிட்டால் கவலை, கவலை வந்தால் கக்கா. திங்கட்கிழமைக்குள் பதினான்கு பந்தி, நாற்பத்திரண்டு துண்டு. தின்றது போக மிச்சமெல்லாம் மணலில் கிடந்து அழுகியது. அது என் கணக்கில் வரவில்லை.

திங்கள் மத்தியானம் தண்ணீர் பால்போல் கலங்கிவிட்டது. வீடு முழுக்க மீன்பிடித் துறைமுகத்து வாசனை. மூன்று நட்சத்திரமும் மணலுக்கு மேலே வந்து, கை நுனிகளைச் சுருட்டிக்கொண்டு கிடந்தன. எண்ணிக்கை மிகத் தெளிவாக இருந்தது.

ஷாஜியைக் கூப்பிட்டேன். "எத்தற பீஸ் கொடுத்து?" என்றான். சொன்னேன். "சாரே, அது நட்சத்திரமாணு. ஆனை அல்லா" என்றான். கலக்கி வைத்த உப்புத் தண்ணீரோடு உடனே வருவதாகச் சொன்னான்.

அழுகினதை அள்ளி வாளியில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எதிர்வீட்டு அலமேலு மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்னண்ணா, ஒங்காத்துலேர்ந்து என்னமோ நாத்தம் வரதே?"

"நட்சத்திரம் மூணும் சரியில்லை" என்றேன்.

"அடப்பாவமே. யாரோட நட்சத்திரம்?"

"எல்லாம் கோமதியோடது. அவ வரதுக்குள்ள ஒண்ணு போயிடுமோன்னு பயமா இருக்கு."

அலமேலு கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள். "ஜோசியர்ட்ட காட்டினேளா?"

"ஷாஜிட்ட சொல்லியாச்சு. உப்புத் தண்ணி எடுத்துண்டு ஆட்டோல வரான்."

அவள் வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அலமேலு மூலமாகச் சென்னைக்குப் போன செய்தியைப் பின்னால் கோமதி சொல்லித்தான் அறிந்தேன். அண்ணாவுக்குப் புத்தி பிசகிவிட்டது, ஆத்துக்குள் மீன் சமைக்கிறார், ஷாஜி என்று ஒரு மந்திரவாதி உப்புத் தண்ணீர் தெளிக்க வருகிறான். இந்த மூன்றையும் கேட்டுவிட்டு அவள் என்னைக் கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவில்லை.

"எத்தனை போட்டேள்?"

"நாப்பத்திரண்டு."

"எண்ணினேளா?"

"ஆமாம்."

அந்த ஆமாமைக் கேட்டுத்தான் சாயங்கால ரயிலில் ஏறினாள். அதுவரை ஷாஜியும் நானும் குழாய் வைத்து அழுக்கை உறிஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றினோம். மறுநாள் காலை கோமதி தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கி வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் தொட்டிக்கு முன்னால் குனிந்தாள். அதே நேரத்தில் ஒரு நட்சத்திரம் மெல்ல மணலுக்குள் இறங்கியது. சாயங்காலத்துக்குள் மற்ற இரண்டும் போயின. "பொழச்சுது" என்றாள். நானும்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

தெருவில் இன்னும் இரண்டு வீட்டார் எங்கள் வீட்டில் காப்பி குடிப்பதில்லை. குடும்பத்துக்குள் கதை வேறு. போன மாதம் எல்லாருமாகப் பொன்முடிக்குப் போனோம். வழியில் விதுராவில் இறங்கிக் கடை கடையாகச் சிதறினார்கள். திரும்பக் கிளம்பும்போது நான் வேனுக்குப் பக்கத்தில் நின்று விரலை நீட்டி, ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தேன்.

"அப்பா எண்ணறார், சாப்பாடு வரும்" என்று என் பிள்ளை குரல் கொடுத்தான். சிதறிப்போன பேத்திகள், மருமகள், சம்பந்தி எல்லாரும் மூலைக்கு மூலை வெளிப்பட்டுக் கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள். பக்கத்துக் கடையில் பழம்பொரி (நேந்திரம்பழ பஜ்ஜிதான்) வாங்கி ஒவ்வொரு கையிலும் வைத்தேன்.

பதினொன்று. கணக்கு சரி.