அதிகார வரிசையில் நாலாவது ஆள்

மாமனார் வந்து சேர இன்னும் ஒரு மணி நேரம்தான். விருந்தினர் அறையோ கதகதவென்று இருந்தது. மாப்பிள்ளை எப்படியாவது அதை ஜில்லிட வைத்தாக வேண்டும்.

மனைவி காலையிலேயே தீர்ப்பு எழுதிவிட்டாள். "ரூம் சூடா இருந்தா அப்பா குளிர்காலம் முடியற வரைக்கும் இங்கதான். குளிர்ந்துச்சுன்னா அவர் மூட்டு தாங்காது, ரெண்டு நாள்ல அனுப்பிடலாம்."

போன முறை மாமனார் நாற்பது நாள் இருந்தார். மாப்பிள்ளை பல் தேய்ப்பதில்கூட மூன்று பிழை கண்டுபிடித்த மனிதர்.

சுவரோரம், அறையைச் சூடாக்கச் சுடுநீர் ஓடும் ஹீட்டர். அதன் வால்வின் தலையில் கைப்பிடியளவு ஒரு கருவி. திறப்பதும் மூடுவதும் அதன் வேலை. மாப்பிள்ளை அதைத் திருகிக் குறைத்தார். ஐந்தே நிமிடம். மனைவி பதிந்து வைத்திருந்த நேர அட்டவணை விழித்துக்கொண்டு மறுபடி ஏற்றிவிட்டது.

ஜன்னலைத் திறந்தார். குளிர்காற்று பட்டதும் கருவி திரையில் ஒரு ஜன்னல் படத்தைக் காட்டி, வால்வைத் தானே மூடிக்கொண்டது. மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு சுற்று ஆடியே விட்டார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க இது, ஜன்னலைத் தொறந்து போட்டுட்டு டான்ஸ்?"

"காத்தோட்டம்மா, காத்தோட்டம்!"

"அப்பாவுக்கு ஜலதோஷம் பிடிக்கவா?" பட்டென்று சாத்திவிட்டுப் போனாள்.

போனால் போகட்டும். ஜன்னல் திறந்திருப்பதாகக் கருவி நம்பினால் போதாதா? ஃபிரீசரிலிருந்து பட்டாணிப் பொட்டலத்தை எடுத்து வந்து கருவிக்குத் தலைப்பாகை கட்டினார்.

கொஞ்ச நேரம் நம்பியது. பிறகு திரையில் ஒரு பனித்துகள் படம் மின்னியது. கடகடவென்று வால்வு திறந்து, ஹீட்டருக்குள் வெந்நீர் வெள்ளமாகப் பாய்ந்தது.

பதறிப்போய்க் கருவிக் கம்பெனிக்குப் போன் போட்டார்.

"பனித்துகள் தெரியுதா சார்? குழாய்த் தண்ணி உறையப்போகுதுன்னு அது பயப்படுது," என்றாள் உதவி மையப் பெண். "அதுக்கு அந்தப் பயம்தான் முதல். ரெண்டாவது, ஜன்னல். மூணாவது, வாராந்திர உடற்பயிற்சி."

"யாருக்கு?"

"வால்வுக்கு சார். இறுகிடாம இருக்க வாரம் ஒருதடவை முழுசாத் திறந்து மூடும்."

"நான் கையால திருகறது?"

"நாலாவது."

வீட்டிலும் ஏறக்குறைய அதே இடம் என்பதால் மாப்பிள்ளைக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை. பட்டாணியை அவிழ்த்தார். பனித்துகள் மறைந்தது. உடனே 'க்ர்ர்ர்' என்று ஒரு சத்தம்.

"இப்ப என்ன?"

"இன்னிக்குக் கிழமை என்ன சார்? ஆ, உடற்பயிற்சி நாள்!"

மாப்பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டு கையாலும் பிடித்து, கருவியை வால்விலிருந்து திருகிப் பிடுங்கியே விட்டார். "கழட்டிட்டேன்! இனிமே என்ன பண்ணும்?"

"ஐயய்யோ! அது அழுத்திப் பிடிச்சாத்தான் சார் வால்வு மூடும். கழட்டினா முழுசாத் திறந்துக்கும்!"

மறுபடி மாட்டப் போன அவசரத்தில் கருவி கை நழுவி, அலமாரிக்கு அடியில் உருண்டது. தரையோடு தரையாகப் படுத்துக் கையை நீட்டினார். வாசலில் கார் ஹாரன்.

மாமனார் உள்ளே காலெடுத்து வைத்தபோது அறை அடுப்பாகக் கொதித்தது. மாப்பிள்ளை வேர்வையில் தொப்பலாக எழுந்து நின்றார்.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களாப்பா? உங்களுக்காக எப்படிப் பாடுபட்டிருக்கார்! குளிர்காலம் முடிய நீங்க எங்கயும் நகரக் கூடாது, ஆமா!" பெட்டியைப் பிடுங்கித் துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டு, குடிக்க ஏதாவது கொண்டுவரச் சமையலறைக்கு ஓடினாள்.

மாமனார் அவள் போவதையே பார்த்திருந்துவிட்டு, கதவை மெல்லச் சாத்தினார். கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்து, மஃப்ளரால் கழுத்தைத் துடைத்தபடி கிசுகிசுத்தார்.

"ஏன் மாப்பிள்ளை இப்படிப் பண்ணிட்டீங்க, 'குளிர் தாங்கலை'ன்னு சொல்லித் தப்பிச்சிடலாம்னுதானே நாளை மறுநாளே ரயிலுக்கு டிக்கெட் எடுத்துட்டு வந்தேன்!"