செவுள் தூக்கிப் பார்ப்பவர்

மீன் கடைக்குப் போய் மீன் வாங்குகிறவர்களை விட்டுவிடுங்கள், அவர்கள் அப்பாவிகள். இங்கே பேச்சு, மீனைச் சோதிக்கிறவர்களைப் பற்றி. செவுள்தூக்கி என்று இந்த இனத்துக்குப் பெயர் வைக்கலாம். ஆவடியில் தெருவுக்கு இரண்டு பேர், அம்பத்தூரில் வீட்டுக்கு ஒருவர், பூந்தமல்லிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமையில் எண்ணி மாளாது.

ஜம்புலிங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். ஒரு தொழிற்சாலையில் ஆயுள் முழுக்க நட்டு, போல்ட்டுகளைக் கண்ணால் பார்த்தே பாஸ், ரிஜெக்ட் என்று பிரித்துப் போட்டவர். ஓய்வு பெற்ற அன்று மாலையைக் கழற்றினார், அந்தக் கண்ணைக் கழற்றவில்லை. வீட்டில் தோசை ரிஜெக்ட், மாப்பிள்ளை ரிஜெக்ட், மாப்பிள்ளை வாங்கி வந்த மிக்சர் மட்டும் பாஸ்.

சந்தையில் அவர் செவுளைத் தூக்கிச் சிவப்பு பார்ப்பார், வயிற்றை அமுக்குவார், வாலை முறுக்குவார், கண்ணுக்குள் கண் வைத்து உற்றுப் பார்ப்பார், முகர்ந்துவிட்டு வானத்தைப் பார்த்து யோசிப்பார். மீன்கார நாகம்மாளுக்குப் பொறுக்காது.

"இன்னா நைனா, மீன் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? அது வெக்கப்படுது பாரு!"

ஒரு ஞாயிறு, வாளியில் உயிரோடு துள்ளும் ஏரி வராலுடன் வந்து இறங்கினார். பிரசவத்துக்கு வந்திருந்த மகள் கிருஷ்ணப்பிரியாவுக்கு ஏழாவது மாதம். அவளுக்காகத்தான்.

"எனக்கு வேணாம்பா. ஏரி மீன் சாப்பிடாதன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. கம்பெனிக் கழிவுல வர்ற ஏதோ கெமிக்கலாம். அழியவே அழியாதாம்."

"துள்ளுதும்மா! விஷம் இருந்தா துள்ளுமா?"

"உடனே கொல்ற விஷம் இல்லப்பா. சின்ன மீன்ல கொஞ்சம் இருக்கும், அதையெல்லாம் தின்ன வரால்ல நிறைய சேரும், வராலைத் தின்னா நம்ம உடம்புக்கு வரும்."

"கழுவினாப் போயிடும்!"

ஆகா! இதுதான் இந்த இனத்தின் தேசிய கீதம். சதைக்குள் இருப்பது தோலைத் தேய்த்தால் போகுமா என்று நீங்களும் நானும் கேட்போம். அவர் கேட்கவில்லை. கல்லுப்பு, புளி, அரிசி கழுவின தண்ணீர், மறுபடி கல்லுப்பு என்று தேய்த்தார். அவர் போட்ட மஞ்சளில் சாக்கடை மூன்று வீடு தாண்டி மஞ்சளாக ஓட, யார் வீட்டில் கல்யாணம் என்று நாலு பேர் விசாரித்துப் போனார்கள். குழம்பு கொதித்ததும் சோதனையின் கடைசிக் கட்டம்: மதில்மேல் உலாவும் பூனைக்கு ஒரு துண்டு.

பூனை தின்றது. தண்ணீர் மோட்டார் நிழலில் நீட்டிப் படுத்தது. கண்ணை மூடியது.

"பொன்னம்மா! பூனை போயிடுச்சு!"

"வயிறு ரொம்பினாத் தூங்காதாங்க?" என்று மனைவி உள்ளிருந்தே கேட்டாள். காதில் விழவில்லை. வேர்த்து வழிய ஓடினார், கன்னத்தைத் தட்டினார், காதில் ஊதினார், ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே முகத்தில் அடித்தார். நல்ல தூக்கத்தில் இருந்த பூனை எழுந்து, அவர் மணிக்கட்டில் நாலு கோடு போட்டுவிட்டு மதில் தாண்டியது.

"உயிரோட இருக்கு! குழம்பு பாஸ்!" என்று ரத்தம் சொட்டக் கிண்ணத்தை நீட்டினார்.

கிருஷ்ணப்பிரியா வாங்கவில்லை. வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"பூனை தூங்கினதுக்கே இந்த ஓட்டம் ஓடுறீங்க. உள்ள இருக்கிறது நல்லா இருக்கான்னு எந்தச் செவுளைத் தூக்கிப்பா பாப்பீங்க?"

ஜம்புலிங்கம் கிண்ணத்துக் குழம்பைச் சட்டியிலேயே திருப்பி ஊற்றினார். சட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு நடந்து, வாழையடியில் கவிழ்க்கப் போனார்.

"அந்த வாழைக்காயை யாருப்பா சாப்பிடுறது?"

சாக்கடைப் பக்கம் திரும்பினார்.

"அது ஏரிக்குத்தாம்பா போகுது."

பாவம் மனிதர், சட்டியும் கையுமாக வெயிலில் அப்படியே நின்றார். உலகத்தில் கொட்டுவதற்கு ஓர் இடம் இல்லை என்பதை அவர் கண் முதல் தடவையாகச் சோதித்துக்கொண்டிருந்தது.

நாங்கள் சுத்த சைவம், எங்களுக்கென்ன என்று நிமிர்ந்து உட்காருகிறீர்களோ? இருக்கட்டும். இன்று காலை, ஏரியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரை டம்ளரில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "கண்ணாடி மாதிரி இருக்கு" என்று சொல்லி மடக்மடக்கென்று குடித்தது யாராம்?