அறிமுகமில்லாதோர் செய்திக் குழு

“அந்த ‘ஏற்றுக்கொள்’ங்கிற பொத்தானை அமுக்க எனக்கு அனுமதி வேணும் சார்.”

நாகரிகம் தோன்றிய நாளிலிருந்து எந்த அலுவலகத்திலும் இவ்வளவு ஆபாசமான கோரிக்கை எழுந்ததில்லை. குழு உறுப்பினர் மூவரும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்கள். கேட்டவள் வேலையில் சேர்ந்த அன்றே மேலாளர் சொல்லியிருந்தார்: “என்ன வேணா கேளும்மா. லீவு கேளு, புது நாற்காலி கேளு. இதை மட்டும் கேட்டுடாத.”

வீட்டிலும் இதையே வேறு மாதிரி சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் என்பதால் அவளுக்கு ‘டிகிரி’ என்றே பெயர். “டிகிரி, ஆபீஸ்ல வாயத் தொறக்காத. படிச்சவங்க நாலு பேர் இருக்கிற இடம்,” என்றார் அப்பா. அப்பாவுக்குப் படித்தவர்கள்மேல் அப்படியொரு நம்பிக்கை. நெருங்கிப் பழகியதில்லை, பாவம்.

அலுவலகத்தின் பெருமையையும் சொல்லிவிட வேண்டும். வெந்நீர் ஹீட்டர் தயாரிக்கும் அந்த நிறுவனத்தில் புகார் என்பதே கிடையாது. ‘புகாரற்ற நிறுவனம்’ என்று பொறித்த கேடயத்தை அது தனக்குத்தானே வழங்கி, வரவேற்பறையில் மாட்டியிருந்தது. இந்தச் சாதனைக்கெல்லாம் காரணம், செல்பேசிச் செய்திகளைக் கையாள அமைக்கப்பட்ட ‘அறிமுகமில்லாதோர் செய்திக் குழு’.

தெரிந்த எண்ணிலிருந்து செய்தி வந்தால் உடனே பதில் போகும். மேலாளரின் மச்சான் காலைதோறும் அனுப்பும் ரோஜாப்பூவுக்கு ஒருநாள்கூடப் பதில் தவறியதில்லை. தெரியாத எண் என்றால், யாராவது ‘ஏற்றுக்கொள்’ பொத்தானை அமுக்கும்வரை செய்தி ‘கோரிக்கைகள்’ பக்கத்தில் போய்த் தேவுடு காக்கும். புகார் சொன்னால்தான் ஒருவர் யாரென்று தெரியும். யாரென்று தெரிந்தால்தான் புகாரை வாங்கலாம். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்.

அதற்காகக் குழுவுக்கு இரக்கமில்லை என்று சொல்லிவிட முடியாது. ஏற்றுக்கொள்ளாமலே செய்தியைப் படிக்கலாம். படித்தது அனுப்பியவருக்குத் தெரியாது. இந்த அற்புத வசதியைக் குழு சொட்டு விடாமல் பயன்படுத்தியது. தேநீர் வேளையில் டிகிரி செய்திகளை உரக்க வாசிக்க வேண்டும். மேலாளர் உச்சுக் கொட்டுவார். கணக்கர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொள்வார். சட்ட ஆலோசகர் மட்டும் அழவும் மாட்டார், சிரிக்கவும் மாட்டார். முகத்தில் உணர்ச்சி தெரிந்தால், நாளை வழக்கு வரும்போது அதுவே ஆதாரமாகிவிடுமாம். அப்புறம் எல்லாரும் கோப்பையைக் கழுவப் போவார்கள்.

அன்று அவள் வாசித்த செய்தி இது: “உங்க ஹீட்டர் போட்டா குழாயைத் தொட்டாலே ஷாக் அடிக்குது. சின்னவ கையில கொப்புளமே போட்டிருச்சு. மாத்திக் குடுங்க. யாராவது பார்க்கறீங்களா?” கூடவே, கட்டுப் போட்ட பிஞ்சுக் கையின் படம்.

“பார்க்கிறோமே!” என்றார் மேலாளர், மனம் நெகிழ்ந்து.

“பார்த்தாப் போதுமா சார்? அமுக்கினாத்தான் பதில் சொல்ல முடியும்.”

“அமுக்கினா நமக்குத் தெரிஞ்ச மாதிரி ஆயிடும்மா.”

“தெரியுமே. இப்பதான வாசிச்சேன்?”

“வாசிக்கிறது வேற, தெரிஞ்சுக்கறது வேற,” என்றார் சட்ட ஆலோசகர். “காலேஜ்ல நீ வாசிச்சதெல்லாம் உனக்குத் தெரியுமா?”

இந்தச் சட்ட நுணுக்கத்தில் குழு சொக்கிப்போனது.

“ஏம்மா, ஏமாத்துறவளா இருந்தா?” என்றார் கணக்கர் அம்மாள்.

“நம்ம ஹீட்டரை வாங்கினவங்க மேடம். ஏமாந்தவங்க.”

மேலாளரின் முகம் சுண்டியது. “போதும். அந்த மெசேஜை அழிச்சிடு. ஒருத்திக்கு இடம் குடுத்தா ஊரே வந்து நிக்கும்.”

“அழிச்சுப் பிரயோசனமில்ல சார். காலையிலயே அமுக்கிட்டேன்.”

கணக்கர் அம்மாளுக்குப் புரையேறியது.

“மொதல்ல மெயினை அணைக்கச் சொன்னேன், அணைச்சிட்டாங்க. ஹீட்டரை மாத்துவீங்களான்னு கேட்டாங்க. எங்க பெரியவங்க கூடிப் பேசுவாங்க, நீங்களே கேட்டுக்குங்கன்னு சொன்னேன்.” மேசைமேல் கவிழ்ந்து கிடந்த தன் செல்பேசியைத் திருப்பி வைத்தாள். அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

“கேட்டுச்சும்மா,” என்றது ஒரு பெண் குரல். “எல்லாமே கேட்டுச்சு.”

சட்ட ஆலோசகர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். “யாரும் வாயத் தொறக்காதீங்க,” என்று கிசுகிசுத்தார். “தெரியாத நம்பர்!”

“கிளம்பிட்டேன்க்கா,” என்றாள் டிகிரி, செல்பேசியிடம். “கன்ஸ்யூமர் கோர்ட்டுல புகார் குடுக்க ரெண்டு பேருமாவே போயிடலாம்.” கைப்பையைத் தோளில் மாட்டினாள். தன் மேசை இழுப்பறையை அவள் காலையிலேயே காலி செய்திருந்தாள்.

“நில்லு! முன்னப்பின்ன தெரியாத ஒருத்திக்காகவா வேலைய விடற?”

“அவங்க யாருன்னு எனக்கும் தெரியாதுதான் சார்,” என்றாள் கதவைத் திறந்தபடியே. “ஆனா நீங்க யாருன்னு அவங்களுக்கு இப்ப நல்லாத் தெரியும்.”

சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.