மிட்காருக்கு ஐயரைக் கூட்டிப்போன கதை

ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். காதில் சரியாக விழாததைத் திருப்பிக் கேட்கும் பழக்கம் அந்த நாளில் எனக்குக் கிடையாது. பாரிஸுக்கு வந்து மூன்று வருடம். எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் யாருக்குப் பிரெஞ்சில் கடிதம் வந்தாலும் வாசித்துச் சொல்வது நான்தான். (பாதி ஊகம். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.) பிரெஞ்சுப் புலி திருப்பிக் கேட்குமா?

அக்காவின் கல்யாணத்தில் எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: ஐயரைக் கூட்டிவருவது. பிடித்துவைத்த மண்டபத்தில் முதல்நாள் கூரை ஒழுகியதால் அண்ணை அவசரமாக வேறு மண்டபம் தேடினார். காலையில் அவர் போன் எடுத்தபோது நான் மெத்ரோப் பாலத்தின் கீழ் நின்றேன். தலைக்கு மேலே ரயில் தடதடத்துக்கொண்டிருந்தது.

"டேய், ஐயரை மிட்காருக்குக் கூட்டிக்கொண்டு வா. விளங்கிச்சோ?"

"ஓம் அண்ணை, விளங்கிட்டுது!"

எனக்கு விளங்கியது இதுதான். பிரெஞ்சில் மிடி என்றால் நண்பகல். கார் என்றால் ஸ்டேஷன். ஆக, நண்பகல் ஸ்டேஷனுக்கு வரவேண்டும், அங்கிருந்து எல்லாரும் பஸ் பிடித்துப் புது மண்டபத்துக்குப் போகிறோம். என்ன அருமையான ஏற்பாடு என்று அண்ணையை மனதுக்குள் மெச்சவும் செய்தேன்.

பன்னிரண்டு மணிக்கு ஐயரும் நானும் பக்கத்திலிருந்த 'கார் து நோர்' ஸ்டேஷனின் நட்டநடுவில் நின்றோம். முகூர்த்தம் இரண்டு மணியோடு முடிகிறது. ஐயரின் பட்டு வேட்டிக்கு மேலே குளிர்கோட்டு, கையில் சமித்தும் நெய்யும் கற்பூரமும் அடைத்த பை. ரோந்து வந்த சிப்பாய்கள் இருவர் பையில் என்ன என்று கேட்டார்கள். ஹோமத்துக்குப் பிரெஞ்சில் என்ன சொல்வது? புலி அசரவில்லை. "நெருப்பு வைக்கிறதுக்கு" என்று சுத்தமான பிரெஞ்சில் சொன்னேன்.

பையைத் தட்டிக் கொட்டி, ஒவ்வொரு குச்சியாகப் பார்த்து முடிக்க முக்கால் மணித்தியாலம். அதற்குப் பிறகுதான் அண்ணையின் அழைப்பை எடுக்க முடிந்தது.

"எங்கையடா நிக்கிறாய்?"

"கார்லைதான் அண்ணை."

"ஆரின்ரை கார்லை?"

"கார் து நோர்."

அண்ணை கத்தியது ஸ்டேஷன் முழுக்கக் கேட்டிருக்கும்.

"மடையா! மிட்கார் எண்டது மண்டபத்தின்ரை பேரடா! பாரிஸுக்கு வெளியிலை, எபினேயிலை!"

அடுத்த ரயிலில் பாய்ந்து ஏறினோம். ஐயர் மணிக்கூட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டே வந்தார். மண்டப வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே "கெட்டிமேளம்!" என்று கத்தினார். இரண்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது தாலி ஏறியது. (வீடியோவில் ஐயர் குளிர்கோட்டோடுதான் தாலியை எடுத்துக் கொடுக்கிறார்.) அக்காவின் கண்மை கன்னம்வரை கரைந்து இறங்கியிருந்தது. அதைப் பார்த்தபோது எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

"நான் வரமாட்டன் எண்டு நினைச்சியோ அக்கா?" என்றேன்.

"உன்னைப் பற்றி ஆர் யோசிச்சது? ஐயரைத்தான் யோசிச்சனான்" என்றா.

அப்போது மண்டபத்துக்காரர் வந்தார். செம்பட்டைத் தாடி வைத்த பிரெஞ்சுக்காரர். சுவர் நாலையும் சுற்றித் தன் வாலைத் தானே கடிக்கும் பெரிய பாம்பொன்று வரைந்திருந்தது. அதைக் காட்டிப் பெருமையாக விளக்கத் தொடங்கினார். 'மிட்கார்ட்' என்று எழுதுவார்களாம், பிரெஞ்சு வாயில் கடைசி எழுத்து வராதாம். வட ஐரோப்பாவின் பழங்கதைகளில் வருகிற பெயராம். மகன் விளையாடும் கணினி விளையாட்டிலும் அதே பெயர், வீட்டு நாய்க்கும் அதே பெயர்.

"என்னவாம் தம்பி?" என்று ஐயர் கேட்டார்.

"மனுசர் சீவிக்கிற உலகத்துக்குப் பேராம் ஐயா, மிட்கார்ட்."

ஐயர் அப்போதுதான் கோட்டைக் கழற்றினார். "அப்ப நாங்கள் ரெண்டு பேரும் இவ்வளவு நேரமும் எங்கை தம்பி நிண்டனாங்கள்?"

அக்கா மணவறையில் இருந்தபடியே விழுந்து விழுந்து சிரித்தா. மாப்பிள்ளையின் அம்மாவும் சிரித்துவிட்டா. எனக்கு உயிர் திரும்பி வந்தது.

ஆறு வருடம் கழித்து என் கல்யாணம். அதே ஐயர். அவரைக் கூட்டிவரும் பொறுப்பை அண்ணை வேறு ஆளிடம் கொடுத்திருந்தார். ஐயர் நேரத்துக்கு வந்துவிட்டார். நெரிசலில் மாட்டி அரை மணித்தியாலம் பிந்தியது நான்தான். நான் வாசலில் கால் வைத்ததும் ஐயர் மைக்கைக் கையில் எடுத்தார்.

"மாப்பிள்ளை மனுசர் உலகத்துக்கு வந்து சேர்ந்திட்டார். இனித் தொடங்குவம்."