கறுவாப்பட்டையை உயர்த்திப் பிடிப்பவர்

சோற்றில் ஒரு துண்டு கறுவாப்பட்டை அகப்பட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஓரத்தில் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவீர்கள். அதை இரண்டு விரலால் உயர்த்திப் பிடித்து, "இதுக்கு வாசம் எங்கேயிருந்து வந்திச்சு தெரியுமா?" என்று பந்தியையே நிறுத்திவைக்கிற ஓர் இனம் உண்டு. விளக்கப் பிராணி! மாத்தளைப் பக்கம் மிளகுக்கொடி மாதிரி படர்ந்து கிடக்கும்.

அந்த இனத்தின் அசல் மாதிரி, பலாபத்வலையில் பலசரக்குக் கடை வைத்திருந்த பதுர்தீன் நானா. விவசாய இலாகா அதிகாரி ஒருவர் பேசிய கூட்டத்துக்குள் மழைக்கு ஒதுங்கப் போனவர், தாவர விஞ்ஞானியாகத் திரும்பி வந்துவிட்டார். அன்றிலிருந்து மிளகு கேட்டால் மிளகின் காரத்தைச் செய்கிற நொதியம், கராம்பு கேட்டால் கராம்பின் பரம்பரை அலகு. சாமான் மட்டும் கைக்கு வராது.

பாவம், அவர் மனைவி றஹீமா! மகள் ஸரீனாவைப் பெண் பார்க்க உக்குவளையிலிருந்து வந்தவர்கள், ஏலக்காய் விளக்கத்தின் நடுவிலேயே பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்கள். இப்போது பல்லேபொல கலந்தர் வீட்டார் வருகிறார்கள். நல்ல இடம். ஸரீனாவுக்கும் மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது.

"இந்தா பாருங்க, நொதியம்னு ஒரு சொல்லு வந்திச்சோ, நான் உம்மா வூட்டுக்குப் போயிருவேன்!"

"வல்லாஹி, வாயே தெறக்க மாட்டேன்."

திறக்கத்தான் இல்லை. சஹன் வைத்தாயிற்று, அந்தப் பெரிய தட்டைச் சுற்றி ஆறு ஆண்கள் உட்கார்ந்தாயிற்று, நெய்ச்சோறு மணக்கிறது. வீட்டுக்காரர் பிஸ்மி சொன்னால்தானே மற்றவர்கள் கை வைப்பார்கள்? இவர் உதட்டைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! கதவிடுக்கில் நின்ற றஹீமாவுக்கு உயிரே போயிற்று.

"யா அல்லாஹ், பிஸ்மியாவது சொல்லித் தொலைங்க!"

சொன்னார். மாப்பிள்ளையின் வாப்பா கலந்தர் முதல் வாயிலேயே சொக்கிப்போனார். "நல்ல பட்டை. எல்லாம் மண்ணு குடுக்கிற வாசம்!"

மண்! பதுர்தீன் நானாவின் காது சிவந்தது, தாடி நடுங்கியது. றஹீமா கண்ணை மூடிக்கொண்டாள்.

"மண்ணா? ஒரே மண்ணுல நிக்கிற ஒரே மரம்! பட்டையில கறுவா வாசம், எலையில கராம்பு வாசம், வேருல கற்பூர வாசம். மண்ணு எப்பிடிங்க மூணு வாசம் குடுக்கும்? பரம்பரை அலகுங்கிறது சமையல் குறிப்பு. நொதியம்தான் சமையல்காரன். குறிப்பு மரம் பூரா ஒண்ணுதான். எலையில உள்ளவன் ஒரு பக்கத்தைப் பார்த்து ஆக்குறான், பட்டையில உள்ளவன் வேற பக்கம்!"

"கறுவா எலையில கராம்பு வாசமா? சும்மா அவுத்து விடாதீங்க!" என்றார் கலந்தர்.

அவ்வளவுதான். சோற்றுக்கையோடு ஆறு பேரும் கொல்லையில் நின்ற கறுவா மரத்துக்குப் பாய்ந்தார்கள். இலையைக் கசக்கினார்கள், ஒருவர் மூக்கில் ஒருவர் தேய்த்தார்கள், மாப்பிள்ளை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வேரைத் தோண்டினார். உள்ளே நெய் உறைந்துபோனது. கலந்தர் இலையை மோந்தபடியே, கல்யாணப் பேச்சை எடுக்காமலே பஸ் ஏறிவிட்டார். ஸரீனா அழுதாள். றஹீமா பெட்டி கட்டினாள்.

மறுநாள் காலை, கலந்தரின் மனைவி நூருன்னிஸா மூச்சுவாங்க வந்து இறங்கினாள்.

"எங்க வூட்டுக்காரரு நேத்துலேருந்து கண்டவங்க மூக்குக்கெல்லாம் எலைய நீட்டுறாரு, றஹீமா! பொண்ண நாங்க எடுத்துக்கிறோம். சம்மந்திய மட்டும் அந்தப் பக்கம் அனுப்பிடாதீங்க. வூட்டுக்கு ஒண்ணு போதும்!"

றஹீமா அழுதுகொண்டே சிரித்தாள். பெட்டியை அவிழ்த்தாள்.

பார்த்தீர்களா, இது தொற்றுவியாதி. இன்றைக்கு உங்கள் சோற்றிலும் ஒரு பட்டைத் துண்டு வரும். பேசாமல் ஒதுக்கிவிடுங்கள், பக்கத்தில் சாப்பிடுகிறவர் பக்கம் திரும்பவே திரும்பாதீர்கள். என்ன, 'கறுவா எலைக்கு என்ன வாசம் தெரியுமா?' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டதா?

போச்சு! வாங்க, பதுர்தீன் நானா கடையில் உங்களுக்கும் ஒரு ஸ்டூல் போட்டாயிற்று.